படிக்கட்டில் ஒரு கதிரை

விடைபெறுவது எங்கள் சனத்துக்குத் தனி வேலை. "அப்ப போட்டு வாறம்" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் முக்கியமான கதையெல்லாம் தொடங்கும். ஹனோவரில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. கதவுக்கு வெளியே அகலமான இடமும் பெரிய ஜன்னலும் உண்டு. கட்டினவர் நல்லாயிருக்கட்டும்! விளக்குத்தான் எரிச்சல், தானாக அணைந்துவிடும். கிட்ட நிற்பவர் கதையை விடாமல் சுவிச்சை அமத்துவார்.

நின்று கால் உளைந்ததால் உட்கார்ந்து கதைக்க அங்கே ஒரு கதிரை போட்டேன். நாங்கள் அங்கே நிற்காத நேரங்களில் நாலாம் மாடி ஜெர்மன்காரர் படி ஏறுகிற வழியில் அதில் இருந்து களைப்பாறத் தொடங்கினார். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், நெஞ்சு வருத்தக்காரர். அதுவரை ஹலோவுக்கு மேல் பேசாத மனிதர், ஒருநாள் மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னார். படி ஏற முடியாமல் போனால் மகள் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவாளாம். "எனக்கு என் வீடு வேண்டும்," என்றார்.

பிறகு வீட்டு நிர்வாகம் கதிரையை எடுக்கச் சொன்னது. மாட்டேன் என்றேன். அவர்கள் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"விடுமப்பா, உமக்கேன் தேவையில்லாத வேலை?" என்றார் என் கணவர்.

"ஏன் விடவேணும்? மனிசர் இருந்து மூச்சு விடுறதும் குற்றமோ?"

நெருப்புப் பிடித்தால் ஓடுகிற வழியில் கதிரை தடக்கும் என்று நிர்வாகம் சொன்னது நியாயம்தான். அதற்காக ஒரு மனிதர் வீட்டை இழப்பதா? அவர்களுடைய சட்டம் என் கதவு வரைக்கும்தான். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துக் கதவுக்கு உள்ளே போட்டேன். நாலாம் மாடிக்காரர் ஏறி வரும் சத்தம் கேட்டதும் கதவை அகலத் திறந்தேன்.

அவர் தயங்கி நின்றார். "வாங்கோ, இருங்கோ!" என்று தமிழிலேயே அதட்டினேன். இருந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை அவருடைய மகள் வந்தாள். கையில் பராமரிப்பு இல்லத்தின் விளம்பரத் தாள். அப்பா எங்கள் வாசலில் தேநீரும் கையுமாக இருப்பதைக் கண்டு முகம் மாறினாள்.

"அப்பா, உங்களால் ஏற முடியவில்லை, பாருங்கள்."

"பாதி ஏறிவிட்டேன்," என்றார் அவர். "தேநீர் முடியட்டும், மிச்சத்தையும் ஏறுவேன்."

நான் இன்னொரு கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டேன்.