கடைசிப் பாட்டுக்கு முன்னால்

இலவசமாகக் கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு லாட்ஜின் மேனேஜராகத் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவனுக்கு வேறு புத்தி வராது. கிரிவலம் வந்திருக்கிறோம் என்று ரூம் கேட்பவர்களில் யார் நிஜமாகவே மலையைச் சுற்றுவார்கள், யார் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு சீட்டாடுவார்கள் என்று செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆதார் அட்டையில் இருக்கும் முகத்தையும் எதிரில் நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பது வேலையாக ஆரம்பித்துச் சுபாவமாகிவிட்டது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரையும் அப்படித்தான் பார்த்தேனாம், என் பெண் இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அதனால், வேங்கிக்காலில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடிவந்த பல் டாக்டர், ஞாயிறு மதியம் தன் வீட்டு மாடியில் ஓபரா என்கிற மேல்நாட்டுப் பாட்டு நாடகத்தைப் போட்டுக் காட்டுகிறார், யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கிடையாது, டீயும் சுண்டலும் உண்டு என்று கேள்விப்பட்டபோது எனக்கு மூக்கில் வியர்த்தது. அவர் சென்னையில் பல் பிடுங்கிச் சம்பாதித்துவிட்டு, மனைவியோடு மலையைப் பார்த்தபடி வீடு கட்டிக்கொண்டு வந்தவர். அப்படி வருகிறவர்கள் தியானம் செய்வார்கள், செக்கு எண்ணெய் பற்றிப் பேசுவார்கள். வெள்ளைக்காரர்கள் தொண்டை கிழியப் பாடுவதை ஊராருக்கு உட்கார வைத்துக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? மதம் மாற்றவா, சத்து மாவு விற்கவா, சீட்டுக் கம்பெனியில் ஆள் சேர்க்கவா? இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் பெண் அங்கே போக ஆரம்பித்திராவிட்டால் அதோடு விட்டிருப்பேன். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் வீடு என்றால் நானும் என் அக்காவும்தான். பெண்ணைப் பெற்ற அன்றே அவள் அம்மா போய்விட்டாள். தெருவுக்கே தெரிந்த விஷயம். வீட்டுக்குள் மட்டும் யாரும் அதைப் பேசியதில்லை. பெண்ணின் பிறந்த நாளும் அம்மாவின் திதியும் ஒட்டியே வரும். ஐயரை அனுப்பிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, கேக் வாங்கப் போவேன். அந்த வீட்டில்தான் அவள் வளர்ந்தாள்.

உண்டாகியிருக்கிறேன் என்று அவள் போனில் சொன்ன நாளிலிருந்து எனக்கு நல்ல தூக்கமே இல்லை. அவ்வளவு பயம். லேடி டாக்டர் ஒவ்வொரு முறையும் எல்லாம் நார்மல் என்றார். அவள் அம்மாவுக்கும் கடைசிவரை நார்மல் என்றுதான் சொன்னார்கள்.

முதல் ஞாயிறு காவலுக்குத்தான் கூடப் போனேன். மாடி ஹாலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, சுவரில் வெள்ளைப் போர்வையை இழுத்துவிட்டிருந்தார் டாக்டர். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்குத் தெரிந்த முகம் தேரடித் தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய் மட்டும்தான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்போது மாவு டப்பாவை எடுப்பார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

வெளிநாட்டு அரங்குகளில் நடப்பதை அப்படியே படம் பிடித்து ஒளிபரப்புகிறார்களாம். அவற்றில் சிலதையும், சினிமாவாகவே எடுத்த சிலதையும் டாக்டர் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு அங்கத்துக்கும் முன்னால் நிறுத்தி, யார் யாரைக் காதலிக்கிறார்கள், யாருக்கு யார் மேல் கோபம் என்று தமிழில் சொல்வார். அன்றைய கதாநாயகிக்குக் காசநோய். பாடியவர் நல்ல ஆகிருதியான பெண்மணி.

பாய் என் காதருகில் குனிந்தார். "அந்தம்மாவுக்கு டிபின்னு சொல்றாரு. நம்ம கடைக்கு வந்தா டபுள் மெத்ததான் குடுக்கணும்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "கண்ண மூடிக்கினு கேளுங்க பாய். அப்ப இளைச்சிடுவாங்க."

கண்ணை மூடிப் பார்த்தேன். இளைத்துத்தான் போனாள். அந்தக் குரல் மேலே போகப் போக மெலிந்து, அறுந்துவிடுமோ என்று நான் நாற்காலி விளிம்புக்கு வந்த நேரத்தில் அறாமல் திரும்பி இறங்கியது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இந்த முறை என் மேலேயே. கண்ணைத் திறந்து, கையை மறுபடி கட்டிக்கொண்டேன்.

அங்கங்களுக்கு நடுவே மேடைக்குப் பின்னால் நடப்பதையும் காட்டினார்கள். ஆட்கள் ஒரு மாளிகையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு ஒரு சத்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாடகி கழுத்தில் துண்டோடு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே பேட்டி கொடுத்தாள். லாட்ஜில் கல்யாணப் பார்ட்டி காலி செய்த அறையை அடுத்த பார்ட்டிக்குத் தயார் செய்யும் அமர்க்களம் எனக்குத் தெரியும் என்பதால், அதை வாயைப் பிளந்து பார்த்தேன். சுண்டலும் நன்றாகத்தான் இருந்தது. யாரும் எதையும் விற்கவில்லை. இது இன்னும் பெரிய திட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அந்தக் கதாநாயகி செத்துப்போவாள் என்று டாக்டர் நாலாவது அங்கத்துக்கு முன்னால் சாதாரணமாகச் சொன்னார். விளக்கு வைக்கிற நேரமாச்சு, பிள்ளைத்தாய்ச்சி வெளியே இருக்கக் கூடாது என்று சொல்லிப் பெண்ணை எழுப்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பிறந்த அடி அண்ணாமலையில் ஒருவர் இறந்தால் கருமாதி அன்று ராத்திரி கூத்து வைப்பார்கள். மகா வீரன் ஒருவன் அம்பு பட்டுக் கிடந்து உயிர் விடுகிற கதை. செத்தவருக்காகச் சனங்கள் அன்றைக்கு இன்னொரு தரம் வாய்விட்டு அழுவார்கள். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அந்தக் கதையை யாரும் வைக்க மாட்டார்கள். கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சாவுப் பாட்டுக்கு ஒரு வீடு உண்டு, அது சாவு வீடுதான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் என் பெண், அதுவும் அவள், ஞாயிறுதோறும் பெண் சாகிற பாட்டைக் கேட்பதா?

டாக்டரைத் தனியாகப் பார்த்து, இந்த ஓபராவில் பெண்கள் சாகாத கதை இல்லையா என்று விசாரித்தேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"இருக்குது சார். காமெடி கொஞ்சம் இருக்குது. ஆனா பெரிய பாட்டெல்லாம் சாவறவங்களுக்குத்தான் குடுத்துருக்காங்க."

போகாதே என்று பெண்ணிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்று கேட்பாள், நான் அவள் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஆகவே வாராவாரம் கூடப் போனேன். கத்தியால் குத்திக்கொள்கிறவள், மதிலிலிருந்து குதிக்கிறவள், நஞ்சு குடிக்கிறவள் என்று வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தி சாவதற்கும் முன்னால் இருட்டப் போகிறது என்று சொல்லி எழுந்துவிடுவேன். அதற்கு முன்புவரை கேட்டதை, வெட்கத்தோடு சொல்கிறேன், ரசித்தேன். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் படரப் பாடிய ஒரு பாட்டை, குளிக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது. அக்கா கதவைத் தட்டி, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

இதற்குள் எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்த ஆரம்பித்திருந்தன. ஒன்று, நான் கூப்பிட்டதும் என் பெண் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தாள். டீ ஆறிப்போனால்கூட ஏன் எதற்கு என்று கேட்பவள் அவள். இரண்டாவது, டாக்டர் அடுத்த வாரம் என்ன போடலாம் என்று கேட்கும்போதெல்லாம் அவள், "சினிமாவா எடுத்தது வேணாம் அங்கிள், மேடைல நடந்ததே போடுங்க" என்பாள். இரண்டிலும் அதே பாட்டு, அதே கதை. சினிமாவில் நிஜ மரம், நிஜக் குதிரை எல்லாம் வேறு இருந்தன. மேடைதான் வேண்டும் என்று ஏன் அடம் பிடிக்க வேண்டும்?

மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் பட்டது. ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வரும்போது முகம் கழுவியிருப்பாள், கண் சிவந்திருக்கும். மாப்பிள்ளையோடு ஏதோ சண்டை என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்றே அந்த ஆளின் சிரிப்பு எனக்கு ஜாஸ்தியாகத்தான் பட்டது. அவரைப் பற்றி மனதுக்குள் ஒரு பெரிய வழக்கையே நடத்தி முடித்து, தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் கதவைச் சாத்தியதும், பால் டம்ளரோடு போய்க் கதவில் காதை வைத்தேன். பேச்சுச் சத்தம் இல்லை. யாரோ பாடினார்கள். பெண் குரல், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. கொஞ்ச நேரம் முன்பு மாடியில் நான் பாதியில் விட்டுவிட்டு வந்த அதே குரல்.

கதவைத் தள்ளினேன். அவள் கட்டிலில் சாய்ந்து, வயிற்றின் மேல் தலையணை வைத்து, அதன் மேல் போனை நிறுத்தியிருந்தாள். மீதியைப் பார்ப்பதற்குத் தோதாக டாக்டரின் மனைவி வாராவாரம் அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பிவிடுகிறாராம். போனுக்குள் ஒருத்தி தரையில் கிடந்து செத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா பாக்கற? இந்த நேரத்துல," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அதுல எல்லாரும் சாவறாளுங்க. அதுக்குத்தான நான் உன்ன எழுப்பிக்கினு வரேன்."

"தெரியும்பா. மொத வாரமே தெரியும்." அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் உக்காருங்க. இனிமேதான் இருக்குது."

உட்கார்ந்தேன். பாட்டு நின்றது. திரை விழுந்தது. எங்கேயோ மழை பிடித்துக்கொண்டது மாதிரி கைதட்டல். பிறகு திரை நடுவில் கொஞ்சம் விலகி, ஒரு கை தெரிந்தது. செத்துக் கிடந்தவள் வெளியே வந்தாள். சேலை மாதிரி எதையோ இழுத்துக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கழுத்து எலும்பு ஏறி ஏறி இறங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. யாரோ பூங்கொத்தை வீசினார்கள், அதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துச் சிரித்தாள்.

"சினிமாவுல இது வராதுப்பா," என்றாள் என் பெண். "அதுல செத்தா செத்ததுதான். இதுல எழுந்து வராங்க பாருங்க."

போனில் பாடகி இன்னொரு தரம் குனிந்து வணங்கினாள்.

"அம்மா போனத நான் மனசுக்குள்ள எத்தன வாட்டி பாத்துருப்பேன். எழுந்து வர்ற எடம் மட்டும் அதுல கெடையாது. அதான் இதப் பாக்கறேன். பாத்தா அந்த வாரம் தூக்கம் வருது." அவள் போனை அணைத்தாள். "எனக்கு பயமா இருக்குதுப்பா. அத உங்ககிட்ட சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள, பால் காச்சறேன்னு எழுந்து போயிடறீங்க."

டம்ளர் என் கையிலேயேதான் இருந்தது. அதில் ஆடை கட்டிவிட்டது. அதைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றேன். அந்த வீட்டில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் அவள் கேட்டாள், நான் சொன்னேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைத்தது, வழியில் அவள் அம்மா என்ன பேசினாள், எந்தச் சேலை கட்டியிருந்தாள், எல்லாவற்றையும். அக்கா வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டில் வீட்டுக்கு வந்தோம். திரை விலகும்போது எல்லாரையும்விட முதலில் கை தட்டியது நான்தான் என்று பாய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். டாக்டர் மேல் இருந்த சந்தேகம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கம்மியாயிற்று.

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மாப்பிள்ளை சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பிரசவ அறைக் கதவருகே ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி, என் பெண் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நடுவுல எழுந்து போயிடாதீங்க," என்றாள்.

போகவில்லை. அக்கா டீக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் கதவு திறந்தது. நர்ஸ் ஒருவர் பச்சைத் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து, ஆம்பளப் புள்ள, புடிங்க சார் என்று நீட்டினார். என் பெண் பிறந்த அன்றும் முதலில் குழந்தையைத்தான் காட்டினார்கள். அன்றைக்கு நான் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கை நீட்டவில்லை. நர்ஸின் தோளுக்கு மேலே கதவைப் பார்த்தபடி நின்றேன். தாத்தாவுக்குக் கோவமா என்று அவர் சிரித்தார். அக்கா என் முழங்கையைத் தட்டினாள். அப்போதும் நகரவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவின் இரண்டாவது பாதியும் திறந்து, ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வெளியே வந்தது. அவள் தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் பேரனைக் கையில் வாங்கினேன்.