சுவரில் போட்ட கரிக்கோடு

இன்று காலை எங்கள் பேட்டை அல்சூரில் உள்ள சலூனுக்கு முடி வெட்டப் போனேன்.

ஆசியாவில் எந்த நாட்டுக் கூடைப்பந்து அணி பலமானது என்று சலூன்காரர் முனுசாமியிடம் அளந்துகொண்டிருந்தேன். ஆட்டக்காரர்களின் உயரத்தை வைத்து வரிசை போட்டு, பிலிப்பைன்ஸைக் கடைசியில் தள்ளினேன்.

பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தவர் திரும்பினார். கப்பலில் சமையல்காரராம், லீவில் வந்திருக்கிறார்.

"இன்னா சார், கடைசியா? ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்குனவங்க அவங்க. மணிலாவுல தெருவுக்குத் தெரு தென்னமரத்துல வளையம் அடிச்சு வெச்சிருக்கான். பசங்க குள்ளம்தான், ஆனா பந்து கைக்கு வந்தா புடிக்கவே முடியாது."

"இவரு கிளப்புல உயரம் பாத்துத்தான் ஆள் எடுக்குறாரு," என்று முனுசாமி போட்டுக்கொடுத்தார்.

உண்மைதான். எங்கள் கூடைப்பந்து கிளப் சுவரில் கரிக்கோடு போட்டவன் நான். அதைத் தலை தொடாதவனுக்கு டீமில் இடமில்லை. போன மாதம் அந்தோணி என்ற பையனை இரண்டு விரற்கடைக்காகத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன்.

"அந்தோணியா? அவன் இப்ப ஜீவனஹள்ளி டீமுக்கு கேப்டன் ஆச்சே," என்றார் முனுசாமி, கத்தியைத் துடைத்தபடி.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆட்டமே பக்கத்துப் பேட்டை ஜீவனஹள்ளியோடுதான்.

சுவரின் கரிக்கோட்டை அழித்துவிட்டு, இதையெல்லாம் எழுதிய இந்தத் தாளைக் கிளப் பலகையில் ஒட்டுகிறேன். பென்சில் நூலில் தொங்குகிறது. அந்தோணியை எப்படித் தடுப்பது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

உயரம் பார்க்க மாட்டேன்.