ஆரோக்கியமேரி மேடமும் என் திராட்சை இலைகளும்

ஆரோக்கியமேரி மேடம் இறந்துவிட்டார் என்று சின்னமனூரிலிருந்து போன் வந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதில் டீயும் வர்க்கியும் எடுக்கிறவர் நெடுநாள் தாங்கமாட்டார் என்று கணித்தவன் நான். அவருடைய கம்ப்யூட்டர் ஆராய்ச்சி எங்கே போய் இடிக்கும் என்பதையும் முதலில் கணித்தவன் நான்தான். அவரிடம் படித்த பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அக்கா மகள் கவிதா அப்போது பி.இ. கடைசி வருஷம், மேடம் அவளுடைய புராஜெக்டுக்கு வழிகாட்டி. திராட்சை இலையின் போட்டோவைக் காட்டினால், வெள்ளையாகப் பூக்கும் சாம்பல் நோய் உண்டா இல்லையா என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும், அதுதான் புராஜெக்ட். அதைப் பழக்குவதற்கு, விவரம் தெரிந்த ஒருவர் முதலில் ஒவ்வொரு போட்டோவுக்கும் பதில் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் என்னைவிட்டால் யார்? படிப்பு எட்டாவதோடு நின்றாலும், கேரளாக்காரர்களே என் தோட்டத்துக்கு வந்து கைகட்டிக் கேட்டுப் போவார்கள்.

"அண்ணே, சந்தேகமா இருந்தா தெரியலன்னு சொல்லுங்க. எங்களுக்கு அதுவும் பதில்தான்" என்றார் மேடம்.

"ஏத்தா கவிதா, என்னைப் பத்தி உங்க மேடத்துக்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன் மாமா. அதான் அவுக இம்புட்டுத் தூரம் சொல்றாக."

படம் திரையில் முழுசாக விழும் முன்பே 'நோய்', 'நல்லது' என்று அடித்துத் தள்ளினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அப்புறம் கம்ப்யூட்டர் உளறத் தொடங்கியது. தளிர் இலையை நோய் என்றது, வெளுத்துக் கிடந்ததை நல்லது என்றது. மதுரையில் ஒரு கருத்தரங்கில் கவிதா அதைக் காட்ட வேண்டும். அதில் தேறினால் மேல்படிப்புக்கு வழி பிறக்கும் என்று நம்பியிருந்தாள். புரோகிராமில் தப்பைத் தேடித் தேடிச் சாப்பாட்டை மறந்தாள். நானோ டீக்கடையில், "பொட்டப்புள்ள எழுதுனது, பின்ன எப்பிடி இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சோதிக்கிறதுன்னா எல்லாத்தையும் சோதிக்கணும்" என்பது மேடத்தின் பேச்சு. என்னையும் சோதித்தார். பழைய போட்டோக்களில் சிலவற்றைக் கலைத்துப் போட்டு மறுபடி காட்டினார். முன்பு நோய் என்றதை இப்போது நல்லது என்றேன்.

"மாமா, அன்னைக்குப் பாத்த அதே எலதான்" என்றாள் கவிதா. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"ஒன் புரோகிராம்ல தப்பு இல்ல கவிதா. நாம சொல்லிக்கொடுத்ததுலதான் தப்பு" என்றார் மேடம். தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் அவர் 'நாம' என்றுதான் சொன்னார்.

அங்கேயே கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லாப் போட்டோக்களையும் முதலிலிருந்து நிதானமாகப் பார்த்துச் சொன்னேன். கவிதா மதுரைக்குப் போய்க் கைதட்டு வாங்கி வந்தாள்.

அதற்குப் பிறகும் மேடம் என்னை எங்கே பார்த்தாலும், "இந்தத் தடவை கொடி எப்பிடிண்ணே?" என்று, விவரம் தெரிந்தவனிடம் கேட்பது போலத்தான் கேட்பார். அந்த மரியாதைதான் அவர் எனக்கு விட்டுப்போனது. நினைத்தாலே கூசுகிறது.

கூசுவதற்குக் காரணம் உண்டு. மன்னிப்புக் கேட்டேன், நிதானமாகப் பார்த்துச் சொன்னேன், அவள் கைதட்டு வாங்கினாள் என்று எழுதியதெல்லாம் நான் கட்டிய கதை. அன்று, கரண்டு வந்திருக்கும், மோட்டாரைப் போடணும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர்கள் வேறு ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் கருத்தரங்கு நாள் கடந்துவிட்டது. கவிதா மதுரைக்குப் போகவே இல்லை.