லூடெக்கே அப்படிப் பேச மாட்டார்

ஹென்ரிகே பன்றிப் பண்ணையில் பிறந்தவர். பெர்லினில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் கைகுலுக்கும்போதே அதைச் சொல்லிவிடுவார். பாதிப் பேர் இறைச்சியே தொடாத இடம் அது. கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

படித்ததும் வேலை பார்த்ததும் தண்ணீரைப் பற்றி. பன்றிச் சாணத்தைக் கரைத்து வயலில் அடித்தால், பயிர் குடித்தது போக மிச்சம் ஓடைக்கும், அங்கிருந்து கிணற்றுக்கும் போகும். சாணத்தில் இருக்கும் நைட்ரேட் குடிதண்ணீரில் ஏறும். இதைத்தான் ஹென்ரிகே கல்லூரி முடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். பண்ணையை இப்போது நடத்துவது அவருடைய தம்பி ஃபோல்கர். கிறிஸ்துமஸுக்குப் போனால் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்திக் கொடுப்பார். அக்காவின் வேலையைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

எங்கள் நிறுவனம் சுயேச்சையானது. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்த வார்த்தைதான் கண்ணில் படும். எங்களுக்குக் கட்சி கிடையாது, கம்பெனி கிடையாது. அமைச்சகம் ஆய்வு கேட்டால் செய்து கொடுப்போம். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற அவர்களுக்கு உரிமை கிடையாது. எனக்குத் தெரிந்து யாரும் மாற்றச் சொன்னதும் இல்லை. அந்தச் சிரமத்தை அவர்களுக்கு நாங்கள் வைப்பதில்லை.

ஏனென்றால் எங்களிடம் ஒத்திகை என்று ஒரு வழக்கம் உண்டு. அறிக்கை வெளியே போவதற்கு முன் பெரிய மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் விவசாயிகள் சங்கமாக நடிப்பார், ஒருவர் உரக் கம்பெனியாக, ஒருவர் அமைச்சக அதிகாரியாக. மூன்று பேரும் அறிக்கையைக் கிழிக்க வேண்டும். எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வெளியே யாரோ அறிக்கையைப் படிக்கும்போது எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கப்போவதில்லையே, அதனால் இந்த விதி. ஒத்திகையில் அடிவாங்கிய வரியை அன்றைக்கே திருத்திவிடுவோம்.

அமைச்சக அதிகாரியாக எப்போதும் டெட்லெஃப். பிறவி நடிகர். அதிகாரியின் பெயர் லூடெக்கே, தண்ணீர்த் துறை. அவரை டெட்லெஃப் ஒரே ஒரு முறை, ஏதோ மாநாட்டில், சூப்புக்கு நிற்கிற வரிசையில் பார்த்திருக்கிறார். அது போதும் அவருக்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். உதட்டைப் பிதுக்குவார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு "ம்ம்ம்" வரும். "கேக்க நல்லாத்தான் இருக்கு." அப்புறம் ஒரு பெருமூச்சு. மேசையே குலுங்கிச் சிரிக்கும். எழுதியவர் மட்டும் அடிவாங்கிய வரியின் கீழே கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் ஹென்ரிகேயின் ஆய்வு ஹோல்டர்ஸீல் என்ற ஊரைப் பற்றியது. வடக்கே, கடலுக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ஊருக்கென்று சொந்தக் கிணறு, சொந்தத் தண்ணீர் நிலையம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் என்னோ தாக்ஸ். மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதை வீண்செலவு என்று நினைக்கிற மனுஷன். கிணற்றில் நைட்ரேட் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. சட்டம் அனுமதிக்கிற அளவைத் தொட்டுவிட்டால் கிணற்றை மூட வேண்டியதுதான். ஓடைக்கரையில் சாணம் அடிக்காதீர்கள் என்று அவர் கேட்டால், எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டு என்பார்களாம் பண்ணைக்காரர்கள்.

ஹென்ரிகேயிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புத்தகமெல்லாம் வேணாம்மா. கட்டாயம்னு ஒரு வரி. எடுத்துக் காட்டுற மாதிரி."

ஹென்ரிகே அந்த வரியை எழுதினார். ஓடையின் இரு கரையிலும் பத்து மீட்டருக்கு எந்த உரமும் போடக் கூடாது, இதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். அறிக்கையில் மிச்சமிருந்த பக்கமெல்லாம் அந்த வரியைத் தாங்கிப் பிடிக்கிற தூண்கள். எதை வெட்டினாலும் பரவாயில்லை, இந்த வரி நிற்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அவருக்கு என்னோவின் கிணறு கண்ணிலேயே இருந்தது.

ஒத்திகை அன்று அவருக்குப் பிறந்தநாள். எங்கள் ஊரில் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அவரே சுட்ட பிளம்ஸ் கேக்கை மேசை நடுவில் வைத்தார். எல்லோரும் வாழ்த்தினோம், துண்டு போட்டோம், அறிக்கையைத் திறந்தோம்.

சங்கக்காரரும் கம்பெனிக்காரரும் வழக்கமான அடிதான் அடித்தார்கள். பிறகு டெட்லெஃப் வாயில் இருந்த கேக்கை நிதானமாக விழுங்கினார். கண்ணாடி மேலே போனது.

"ம்ம்ம். கேக்க நல்லாத்தான் இருக்கு. பத்து மீட்டர். கட்டாயம். ஏம்மா, இதை நான் அமைச்சர் மேசையில வச்சா அவர் என்னைப் பாப்பாரா, தேர்தலைப் பாப்பாரா?"

மேசை சிரித்தது. ஹென்ரிகே வாயைத் திறந்து, விதி ஞாபகம் வந்து, மூடிக்கொண்டார்.

இயக்குநர் சிபில்லே பேனாவை எடுத்தார். எங்களிடம் இயக்குநருக்கும் நீ வா போதான். அவரும் தோழமையாகத்தான் பேசுவார். கதவைச் சாத்துகிறபோதும் மெதுவாகச் சாத்துகிற ஆள். இந்த ஒரு வரியால் மொத்த அறிக்கையும் அலமாரிக்குப் போய்விடக் கூடாது, கருத்து அப்படியே இருக்கட்டும், தொனியை மட்டும் இறக்குவோம் என்றார். கட்டாயம் போனது. பிறகு பத்து போனது. மீட்டர் தனியாக நின்று என்ன செய்யும், அதுவும் போனது. கடைசியில் மிஞ்சிய வரி, கரையோரங்களில் உரத்தைக் குறைப்பதற்கான தன்னார்வ வாய்ப்புகளை மேலும் ஆராயலாம்.

"இப்ப இது நிக்கும்" என்றார் சிபில்லே.

கேக் தீர்ந்துவிட்டது. ஹென்ரிகே காலித் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கையைக் கொடுக்க அமைச்சகத்துக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அசல் லூடெக்கேயை அன்றைக்குத்தான் பார்த்தோம். ஒல்லியான மனிதர், கீச்சுக் குரல். கண்ணாடியே போடுவதில்லை. பரிந்துரைப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"கரைக்கு எவ்வளவு தூரம்னு போடலையே? கட்டாயம்னும் இல்ல" என்றார். "நாங்க சொன்னா சங்கம் அமைச்சரைப் பிடிச்சு அமுக்கிடும். வெளிய இருந்து நீங்க சொன்னா அதை வச்சு நான் நாலு பேர்கிட்ட வாதாடலாம். அதுக்குத்தானே உங்ககிட்ட குடுத்தது?"

சிபில்லே, அடுத்த கட்ட ஆய்வு என்று ஆரம்பித்தார். ஹென்ரிகே குறுக்கே பேசினார். அவர் குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை.

"எழுதியிருந்தேன் சார்."

"அப்ப யார் எடுத்தது?"

"நீங்கதான்."

லூடெக்கே விழித்தார். சிபில்லே சிரித்து, அது எங்கள் அலுவலக வேடிக்கை, கண்டுகொள்ளாதீர்கள் என்றார். இப்போது சேர்க்க முடியுமா என்று லூடெக்கே கேட்டார். முடியாது, அறிக்கை அச்சாகிவிட்டது, காலையிலேயே செய்தியாளர்களுக்கும் போய்விட்டது. அவர் தலையாட்டி எங்கள் எல்லோருக்கும் காப்பி ஊற்றினார். அமைச்சரிடமிருந்து பிறகு வந்த விதியில், தன்னார்வம் என்ற சொல் எங்கள் அறிக்கையை மேற்கோள் காட்டியே இருந்தது.

அடுத்த வசந்தத்தில் என்னோவிடமிருந்து ஃபோன் வந்தது. ஹென்ரிகேயின் மேசை என் மேசைக்கு எதிரே; அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"புத்தகம் வந்துச்சு. தாள் நல்லாருக்கு."

ஹென்ரிகே பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த வரி எந்தப் பக்கம்மா? தேடினேன்."

"இல்ல, என்னோ. எடுத்துட்டோம்."

"சரி" என்றார் என்னோ. "கிணத்தை மூடியாச்சு. தண்ணி இனிமே குழாய்ல, வெளியூர்லேர்ந்து வருது." வைத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட உரை.

அந்த ஆய்வுக்கு ஒரு விருது கிடைத்தது, எல்லாத் தரப்பும் ஏற்கும் மொழிக்காக. மேடையில் சிபில்லே ஹென்ரிகேயின் பெயரை மூன்று முறை சொன்னார். ஹென்ரிகே அன்று ஊருக்குப் போயிருந்தார்; ஃபோல்கருக்கு முதுகுவலி, பன்றிகளைப் பார்க்க ஆள் இல்லை.

இலையுதிர் காலத்தில் அடுத்த ஒத்திகை வந்தது. இந்த முறை அறிக்கையை எழுதியவர் டெட்லெஃப், ஒரு தொழுவத்தில் எத்தனை கால்நடை வைக்கலாம் என்ற உச்சவரம்பு பற்றி. விதிப்படி அவர் வாயைத் திறக்கக் கூடாது. அதனால் லூடெக்கே நாற்காலியில் ஹென்ரிகேயை உட்கார வைத்தார்கள்.

ஹென்ரிகே அறிக்கையைப் புரட்டினார். குரலைக் கீச்சென்று ஏற்றினார். அமைச்சகத்தில் அன்று கேட்ட அதே குரல். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உச்சவரம்பு எவ்வளவுன்னு இன்னும் தெளிவா போடுங்க. நீங்க போட்டாத்தானே நான் அதை வச்சு வாதாட முடியும்?"

யாரும் சிரிக்கவில்லை. டெட்லெஃப் எதையோ சொல்லத் துடித்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிபில்லே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹென்ரிகே, விளையாடாத. லூடெக்கே அப்படிப் பேச மாட்டார்."

ஹென்ரிகே அறிக்கையை மேசையில் வைத்தார். பிறகு தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ம்ம்," என்றார், தொண்டைக்குள்ளிருந்து. "கேக்க நல்லாத்தான் இருக்கு."

மேசை முழுக்க மூச்சு விட்டது. சிபில்லே பேனாவைத் திறந்தார்.