குலைக்கு ஒதுங்கும் கால்

மானேஜர் அந்தச் செய்தியைச் சொல்ல வந்தபோது நான் பந்து கழுவிக்கொண்டிருந்தேன். கோலசிலாங்கூருக்கு வடக்கே, முன்பு எண்ணெய்க்குச் செம்பனை வளர்த்த மேட்டில் இருக்கும் கோல்ஃப் பயிற்சித் திடலில் எனக்கு வேலை. ரவாங் பக்கமிருந்து ஆட்கள் சனி ஞாயிறுகளில் வந்து கூடை கூடையாகப் பந்தடித்துவிட்டுப் போவார்கள். அவற்றைப் பொறுக்கி, கழுவி, மறுபடியும் கூடையில் நிரப்பி வைப்பேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

"அண்ணே, அடுத்த மாசம் பந்து பொறுக்குற வண்டி வருது" என்றார் மானேஜர். என்னைவிடப் பத்து வயது இளையவர், தமிழர்தான். "ஓட்ட ஒரு ஆளு போதும், அதுக்கு ஆளு இருக்கு. உங்கள மருந்து அடிக்கிற கேங்ல போட்டுடலாமான்னு பாக்குறேன்."

புல்லுக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கும் வேலையைச் செம்பனைத் தோட்டத்தில் எட்டு மாதம் செய்திருக்கிறேன். முழங்கை வரை தோல் உரிந்தது. இருமல் நின்ற பிறகும் நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. இனி அந்த மருந்துப் பக்கமே போகாதே என்று கிளினிக் டாக்டர் சொல்லி அனுப்பினார். இதையெல்லாம் மானேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் வாளிக்குள் கையை விட்டுக் கழுவிய பந்தையே மறுபடி கழுவினேன்.

கவுண்டரில் கூடை கொடுக்கும் பெண் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். சுங்கை செம்பிலாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருபவள். "சார், புதுசா வர்றவங்களுக்கு மட்டைய புடிக்கச் சொல்லிக் குடுக்க ஆளு இல்லன்னு சொன்னீங்கல்ல. அண்ணனப் போடுங்களேன். சாயந்தரம் எல்லாரும் போனப்புறம் அடிக்கிறாரு. நான் பாத்திருக்கேன்."

"அடிப்பீங்களாண்ணே?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"அப்ப வர்ற வெள்ளிக்கெழம எனக்குப் பத்துப் பந்து அடிச்சுக் காட்டுங்க. அந்த ரெண்டு மஞ்சக் கம்பத்துக்கும் நடுவுல ஆறு விழுந்தா போதும், உங்களையே போட்டுடுறேன். இல்லாட்டி மருந்து கேங்தான், என்ன?"

அவர் போனதும் நான் கவுண்டருக்குப் போனேன். "ஏம்மா இப்படி மாட்டிவிட்ட?"

"அப்ப போயி மருந்து அடிங்க. எனக்கென்ன லா."

அவள் பார்த்தது தூரத்திலிருந்து. பந்து மேலே எழும்புவது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும். எழும்பிய பந்து வலது பக்கமாக வளைந்து வாய்க்காலோரம் விழுவதைப் பொறுக்கப் போகும் நான்தான் அறிவேன். பத்தில் எட்டு அப்படித்தான் போகும்.

அன்று சாயந்தரம் நான் மட்டையைப் பிடித்து நின்றதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "இது என்னண்ணே, ஒலக்கையா?"

இருபது வருடத்துக்கு மேல் நான் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவன். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். கம்பை உள்ளங்கையில் அழுத்தி, பெருவிரலைச் சுற்றி வளைத்து, இரண்டு கைக்கும் இடையே ஒரு சாண் விட்டுப் பிடிப்போம். மட்டையையும் அப்படியே பிடித்திருந்தேன். இடைவெளி மட்டும் ஒரு சாணிலிருந்து இரண்டு விரலுக்குக் குறைந்திருந்தது.

அவள் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் ஆறு வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கோச்சுகள் சொல்வதையெல்லாம் கேட்டிருக்கிறாள். இடது கை விரல்களின் அடியில் மட்டை சாய்வாகக் கிடக்க வேண்டும், உள்ளங்கையில் அல்ல. மேலிருந்து பார்த்தால் இடது கையில் இரண்டு முட்டி தெரிய வேண்டும். வலது கைச் சுண்டுவிரல் இடது கை மேல் ஏறி உட்கார வேண்டும், நடுவில் காற்றுகூடப் போகக் கூடாது. வலது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் சேரும் கோடு வலது தோளைக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"இறுக்காதீங்கண்ணே. கோழிக்குஞ்ச புடிக்கிற மாதிரி புடிங்கன்னு அந்தச் சீனக் கோச்சு சொல்வாரு."

என் பிடியில் கோழிக்குஞ்சு எத்தனையோ செத்திருக்கும். இரண்டு நாள் ஆயிற்று கை பழக. வீட்டில் துடைப்பத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். "கூட்டுறதுன்னா கூட்டுங்க, இல்லாட்டி அத வெச்சுட்டு நவுருங்க" என்றாள் மனைவி. அவளிடம் வெள்ளிக்கிழமை விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தேன். அவள் பெட்டியைத் திறந்து, நான் மருந்து அடிக்கப் போட்டுக்கொண்ட பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துத் துவைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். குளிக்கப் போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது.

பிடி சரியானது. பந்து மட்டும் அப்படியே வலது பக்கம்தான் வளைந்தது. மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது, பாதை தப்பு என்றாள் கவுண்டர்ப் பெண். பந்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரு காலித் தண்ணீர் போத்தலை நிறுத்தினாள். மட்டை தப்பான வழியில் வந்தால் போத்தல் பறக்கும், உள்ளேயிருந்து வந்தால் போத்தல் நிற்கும். புதன்கிழமை சாயந்தரம் போத்தல் இருபது தடவையாவது பறந்தது. அவளே ஓடி ஓடி எடுத்து நிறுத்தினாள். கடைசியில் மூச்சு வாங்க, "அண்ணே, போத்தலத்தான் மஞ்சக் கம்பத்துக்கு நடுவுல போடுறீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அவள் தன் போனில் நான் அடிப்பதைப் படம் பிடித்து, என் போனுக்கு அனுப்பினாள். "வீட்டுக்குப் போயி நல்லா பாருங்க. எனக்குப் புரியல, உங்களுக்காச்சும் புரியுதான்னு பாப்போம்."

நான் நாலைந்து தடவை பார்த்தேன். ஒரு வயசான ஆள் மட்டையைச் சுற்றுகிறான், அவ்வளவுதான் தெரிந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன்.

"அங்க போயும் குலைக்கு ஒதுங்குறீங்களா?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கீரைக்காம்பால் திரையில் என் இடது காலைக் காட்டினாள். மட்டை பந்தில் படும்போதே அந்தக் கால் பின்னால் விலகியது. கால் விலக, இடுப்பு விலக, கை மட்டையை உடம்பை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. அடித்து முடித்தபோது நான் நின்ற இடத்தில் நானே இல்லை.

காம்பை அறுத்துவிட்டால் இருபது கிலோ, முப்பது கிலோக் குலை நேரே கீழே வரும். இழுத்த கையோடு ஒதுங்க வேண்டும். ஒதுங்கத் தவறிய ஒருவரைத் தோள் உடைந்து லோரியில் ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் கால் என்னைக் கேட்பதில்லை. அரிவாள் மாட்டியதுமே அது கிளம்பிவிடும். அத்தனை வருடமும் என் பின்னால் சாக்கோடு வந்து உதிரிப்பழம் பொறுக்கியவள் என் மனைவி. என் முகத்தைவிட என் காலை அவள் அதிகம் பார்த்திருப்பாள். நான் எப்போது ஒதுங்குகிறேன் என்று பார்த்துத்தான் அவளும் ஒதுங்கினாள்.

"அங்க மேலேர்ந்து என்னா விழுது?" என்று கேட்டுவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இதைச் சொன்னதும் கவுண்டர்ப் பெண் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "அப்ப ரெண்டு காலையும் சேத்து வெச்சு அடிங்க. ஒதுங்குனா விழுந்துருவீங்க" என்றாள். செருப்போடு செருப்பு ஒட்ட நின்றேன். முதல் அடியில் விழத்தான் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சுற்றினேன். போத்தல் நின்றது. பந்து நேரே போனது. அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாலு பந்தில் மூன்று நேரே போயின. நம்பிக்கை வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் கூடியது. போகிறது என்று தெரிந்த பிறகு போகாவிட்டால் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை மானேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முன்னால் காலைச் சேர்த்து வைத்து நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் அப்படி நின்று அடிப்பதில்லை. மற்றவர்கள் மாதிரிக் காலை விரித்து நின்றேன். மூன்று பந்தும் வாய்க்காலுக்குப் போயின.

கவுண்டர்ப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். நான் காலைச் சேர்த்து வைத்தேன்.

"என்னண்ணே, பள்ளிக்கூடத்துல பெரட்டுக்கு அட்டென்ஷன்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"இப்படித்தான் சார் எனக்கு வரும்."

நாலு, ஐந்து, ஆறு, மூன்றும் நடுவில் விழுந்தன. ஏழாவதில் கால் கிளம்பிவிட்டது, தடுமாறி மட்டையை ஊன்றி நின்றேன். எட்டும் ஒன்பதும் நேரே போயின. பத்தாவது மட்டும் பாக்கி. அது விழுந்தால் ஆறு. கை வேர்த்து மட்டை வழுக்கியது, சட்டையில் துடைத்தேன். மட்டை பந்தைத் தொடும் முன்பே என் இடது குதிகால் எழுந்ததை உணர்ந்தேன். பந்து எங்கே போகிறது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சு" என்றார் மானேஜர். "கம்பத்த ஒட்டி வெளிய போயிருச்சு."

அவர் எழுந்து, என் கையிலிருந்த மட்டையை வாங்கி, பந்தடிக்கும் பாயில் ஒரு பந்தை வைத்து அடித்தார். சும்மா இருக்கும்போதெல்லாம் அவர் செய்வதுதான். அதுவும் வலது பக்கம் வளைந்து வாய்க்காலுக்குப் போனது. "எனக்கே நேரா போக மாட்டேங்குது" என்றார் பாதி தனக்குள்.

அவர் பந்துகளை வாய்க்காலோரம் நாலு வருடமாகப் பொறுக்குகிறவன் நான். ஏன் போகவில்லை என்று எனக்கு இந்த ஒரு வாரத்தில் தெரிந்திருந்தது. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"சார், கால் நல்லாத்தான் இருக்கு. உள்ளங்கையில புடிக்கிறீங்க. விரல்ல புடிங்க."

அவர் பிடித்தார். சரியில்லை. "கையத் தொடலாமா சார்?" என்று கேட்டேன். நீட்டினார். இடது கையைக் கொஞ்சம் வலப்புறம் திருப்பி, இரண்டு முட்டி தெரிகிறதா என்று பார்த்தேன். அடித்தார். வலது பக்கம்தான் போனது, ஆனால் வாய்க்கால் வரை போகவில்லை. இன்னொன்று அடித்தார். அது நடுவில் விழுந்தது. மூன்றாவதும்.

"ஆறு கேட்டேன், அஞ்சுதான்" என்றார் மட்டையைத் திருப்பித் தந்துகொண்டே. "ஒரு மாசம் பாப்போம். வர்றவங்க குறை சொல்லாம இருந்தா சரி."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எத்தன?"

"அஞ்சு. ஒரு மாசம் பாக்குறேன்னுட்டாரு."

கதவுக்குப் பின்னால் தொங்கிய முழுக்கைச் சட்டையை எடுக்கப் போனேன். "அது அங்கயே இருக்கட்டும்" என்றாள். "மாசம் முடியட்டும்."

இதை எழுதும்போது பதினொரு நாள் ஆகியிருக்கிறது. ஏழு பேருக்குக் கை பிடித்துக் காட்டியிருக்கிறேன். யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. காலையில் கதவைச் சாத்தும்போது சட்டைக்கை என் மேல் உரசுகிறது, நான் ஒதுங்கிப் போகிறேன்.