சிவப்புத் திரை

கிளெனிஸ் பதினோரு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு நகரமன்றத்தின் கணினிகளைக் கட்டளைகள் தட்டியே பராமரித்து வருபவள். வெள்ளத்தில் சேதமான வீடுகளின் படங்கள் இருந்த சர்வரைத் திறந்தால் மட்டும் திரை சிவப்பாக வரும்படி வைத்திருந்தாள். அசிங்கமாக இருக்கிறதென்று புதிய மேலாளன் டிரென்ட் அதையும் கறுப்பாக்கினான். இன்று தன் கணினியென்று நினைத்து, அந்தச் சர்வரில் rm என்ற அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டான்.

"ரெண்டு திரையும் ஒரே மாதிரி இருந்துச்சு, கிளெனிஸ்."

"ஒரே மாதிரி ஆக்கினது யாரு?"

நேற்று எடுத்துவைத்த பிரதியிலிருந்து rsync கட்டளையால் படங்களை மீட்டாள். இன்று காலை எடுத்த நாலு வீட்டுப் படங்கள் மட்டும் அதில் இல்லை. அந்த வீடுகளை மதியமே இடித்துவிட்டார்கள். நிவாரணம் கேட்க வேறு சாட்சி கிடையாது.

"சர்வர் கோளாறுன்னு சொல்லிடலாம், மேட்," என்று நண்பனைப் போலக் குழைந்தான் டிரென்ட்.

"கோளாறு நீதான். நாலு குடும்பத்துக்கும் நீயே போன் போட்டுச் சொல்லு. நான் இங்கதான் நிக்கப்போறேன்."

திரையை மறுபடி சிவப்பாக்கிவிட்டுத் தொலைபேசியை அவன் முன்னால் தள்ளினாள்.