துப்பாக்கிக்கு எண்ணெய் முழுக்கு

என் வீட்டுக்காரரிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கடலையைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றதால் வாங்கிய ரெட்டைக்குழல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அதற்கு ஊரில் இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை.

எங்கள் வெயிலுக்கு இரும்புக்கும் சூடு பிடிக்கும் என்பது அவர் முடிவு. சூட்டுக்கு மருந்து எண்ணெய் முழுக்கு. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. துப்பாக்கியை ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்த்துவிட்டார். சனிக்கிழமைதோறும் தனக்குத் தேய்த்த கையோடு அதற்கும் நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக் கட்டிலில் கிடத்துவார். மறுவாரம் வெள்ளிக்கிழமை என் தலைக்கு நான் ஜாடியின் அடியை வழிக்க வேண்டும். எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

ஆடிக் காற்றில் கரிசல் புழுதி அந்த எண்ணெயில் அப்பியது. துடைக்கச் சொன்னேன். மேலே இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்றார்.

அந்த வருஷம் மழை இல்லை. கிணற்றுத் தண்ணீரில் பிழைத்த கடலைதான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. பறிக்க ஆள் சொல்லியிருந்த சமயம், ஒரு விடியலில் பன்றிகள் இறங்கின. அவர் துப்பாக்கியோடு ஓட, நான் அரிக்கேன் விளக்கோடு பின்னால் ஓடினேன். என் மடியில் பங்குனிப் பொங்கலில் மிஞ்சிய ஓலைவெடி இரண்டு. அவர் துப்பாக்கிமேல் எனக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

குறி பார்த்து விசையை இழுத்தார். தோட்டாவைத் தட்டுகிற சுத்தியல், பாகில் விழுந்த ஈ மாதிரி மெல்ல நகர்ந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அடுத்த குழலும் அப்படியே. பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவை மெல்லுகிற சத்தம் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. விளக்குக் கண்ணாடியைத் தூக்கி வெடிகளைப் பற்றவைத்து ஒன்றன்பின் ஒன்றாக வீசினேன். பன்றிகள் ஓடைப்பக்கம் தெறித்து ஓடின.

சத்தம் கேட்டு வந்தவர்கள் அவர் கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார்கள். ரெட்டைக்குழல், ரெண்டு வெடி. கணக்கு சரியாக இருந்தது. எம்புட்டுச் சத்தம் என்று வியந்தார்கள். இவர் மீசையை நீவிக்கொண்டார். என்னை மட்டும் பார்க்கவே இல்லை.

துப்பாக்கியைச் சாத்தூருக்குக் கொண்டுபோனோம். அங்கே பழுது பார்ப்பவர் உள்ளே இறுகிக் கிடந்த பிசினை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்தார். புழுதிக் காட்டில் விரலில் ஒட்டாத அளவுக்கு மெஷின் எண்ணெய் தடவினால் போதும், நல்லெண்ணெய் ஆகாது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் குரலைத் தணித்துக்கொண்டு, "ஏத்தா, வெடி போட்டது நீன்னு யாருகிட்டயும் சொல்லிராத" என்றார்.

"சொல்லல. வெள்ளிக்கிழமை ஜாடி நெறைய எண்ணெய் இருக்கணும், கேட்டீகளா?"

இருந்தது. வழிய வழியத் தேய்த்துக் குளித்தேன். மறுநாள் சனிக்கிழமை, ஜாடியின் அடியை அவர் வழித்தார்.